தாய் தைத்த கல்யாணச் சட்டை

என் கையெழுத்து தெளிவாக இருக்கும். அந்த வீட்டிற்குள் நான் போக நேர்ந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ரங்கூன் கல்லூரியில் எங்கள் இலக்கிய வகுப்பில் பெண்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐவரில் ஒருத்தி ருமேனியா நாட்டவள். வகுப்பு தொடங்கி நான்கு மாதங்கள் ஆவதற்குள் அவள் வருவது நின்றுபோயிற்று. மார்புச் சளி என்று சொன்னார்கள். பேராசிரியர் என்னை அழைத்து, வகுப்புக் குறிப்புகளைப் பிரதி எடுத்து வாரம் இருமுறை அவளிடம் சேர்க்க முடியுமா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். அதுவரை அவளிடம் நான் பேசியது மொத்தம் மூன்று அல்லது நான்கு வாக்கியங்கள் இருக்கலாம்.

அன்று மாலை அப்பாவின் தேசப்படத்தில் ருமேனியாவைத் தேடினேன். அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. கப்பல் போகும் ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லக்கூடியவர். அந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அங்கே பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்பது ஒன்றே. அது போதுமானதாக இருந்தது. பின்னர் என் தோழியாகிவிட்ட அவளுடைய தந்தை எண்ணெய் வடிக்கும் தொழில் அறிந்தவர். ஆற்றுக்கு அப்பால் சிரியத்தில் இருந்த ஆலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை லாஞ்சுப் படகில் வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். வெள்ளைக்காரர்கள் ஏரிப் பக்கத்து பங்களாக்களில் இருந்தார்கள். என் தோழியின் வீட்டார் வெள்ளையர்தாம் என்றாலும் ஆங்கிலேயர் அல்லர். ஆகவே அந்தப் பக்கம் யாரும் இவர்களை அழைக்கவில்லை. பபேடானில், எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஒரு சூரத்து வியாபாரியின் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் ஒரு தமிழ் அம்மாள். டாலாவிலிருந்து தினமும் சம்பானில் ஆற்றைக் கடந்து வந்து அந்த வீட்டின் சமையலையும் மற்ற வேலைகளையும் பார்ப்பவர். அவரை எல்லோரும் ஆயா என்றே அழைத்தார்கள்.

"படி ஏறி மூச்சு வாங்குதா பாப்பா? உள்ள ஒண்ணு படுத்துக்கிட்டே வாங்குது. வா, வா. துரைசாணி ஒண்ணும் கடிக்கமாட்டாங்க" என்றார்.

துரைசாணி என்று அவர் சொன்னது தோழியின் தாயை. உயரமான, எலும்பு தெரியும் உடல். தலையில் எப்போதும் ஒரு கறுப்புத் துணி. ஆங்கிலம் அவருக்கு இருபது முப்பது சொற்கள் வரும். என் கையைப் பிடித்து மகளின் அறைக்கு அழைத்துச் சென்றார். வெள்ளையடித்த சுவர்கள். சன்னலோரம் கட்டில். கீழ்த்திசைச் சுவரில் ஒரு தெய்வப் படம். அதன் மேல் விளிம்பிலிருந்து இருபுறமும் தொங்கும்படி நீளமான ஒரு துண்டு. துண்டின் இரு முனைகளிலும் சிவப்பிலும் கறுப்பிலும் பூவேலை.

"சாமிக்குத் துண்டு போட்டிருக்காங்க பாரு" என்று ஆயா என் காதருகே சொன்னார். "குளிப்பாட்டி விட்டாப்ல. பூ வாங்கிட்டு வரட்டான்னு கேட்டேன், வேணாமாம்."

என் தோழி என் குறிப்புகளை வாங்கிப் புரட்டினாள். அழகான கையெழுத்து என்றாள். பிறகு அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அவள் அவற்றைப் படித்ததாக எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் அவள் சொன்னவை என் வீட்டுத் தமிழிலேயே எனக்கு நினைவிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்குத் தேவைப்பட்டவை இலைகளின் பெயர்கள். அவர்கள் நாட்டுக் குடியானவர்களின் பாட்டு ஏதாவது ஒரு பச்சை இலையை விளித்துத்தான் தொடங்குமாம். காதலோ, பிரிவோ, படைக்குப் பிடித்துச் சென்ற மகனோ, பாட்டின் பொருள் எதுவானாலும் முதல் அடியில் ஓர் இலை இருக்க வேண்டும். எந்த இலை என்பதிலிருந்தே கேட்பவர்களுக்குப் பாட்டின் போக்கு தெரிந்துவிடும். நம் பழைய பாட்டுகளில் ஒரு பூவைச் சொன்னாலே நிலமும் உணர்ச்சியும் வந்துவிடுவதை அவளுக்கு விளக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் இத்தனை நாள் இதைச் சொல்லாமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டாள்.

அவள் தன் மொழியில் பாட்டுக் கட்டுவாள். எனக்குப் பொருள் சொல்லுவாள். அவள் நாட்டில் இல்லாத இலைகளாக வேண்டும் என்றாள். ஒன்று இப்படித் தொடங்கியது: "பச்சை இலையே, வெற்றிலையே, என்னை மென்று சிவந்த வாய் யாருடையது?" இன்னொன்று: "பச்சை இலையே, வாழையிலையே, கிழித்த பிறகும் காற்று உன்னை விடவில்லை." இவற்றை அவள் எழுதிவைக்கவில்லை. பாட்டு எழுதுவதற்கல்ல என்பது அவள் கருத்து. ஆயாவுக்கு நான் தமிழில் சொன்னபோது, "வேப்பிலையையும் சேத்துக்கச் சொல்லு. இருமலுக்காவது ஆகும்" என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று, அந்தத் தாய் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். கைக்குட்டையை மகள் பார்ப்பதற்கு முன்பே அவர் வாங்கி மடித்துவிட்டார். அதிலிருந்த சிவப்பை நான் பார்த்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல் நான் போனபோது தோழி உறங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் என்னைப் பின்கட்டு அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு தகரப்பெட்டியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். அவர்கள் நாட்டுப் பெண்கள் அணியும் சட்டை. 'இயே' என்று பெயர். கழுத்தில் சுருக்கம் வைத்தது. கைகள் மணிக்கட்டுவரை நீண்டவை. உடலும் ஒரு கையும் தைத்து முடிந்திருந்தன. யாரிடமாவது காட்டவேண்டும் என்ற ஆசை அவரிடம் நெடுநாளாக இருந்திருக்க வேண்டும். இருபது சொல் ஆங்கிலத்தைக் கொண்டு எனக்குப் பாடமே நடத்தினார். தோளில் குறுக்கே ஒரு கனத்த பட்டை. அதில் போட்ட பூவைச் சட்டையில் வேறெங்கும் போடக்கூடாது. அதற்குக் கீழே ஒரே நிறத்து நூலில் நெளிநெளியாக மெல்லிய பட்டை. அதற்கும் கீழே கைநெடுக இறங்கும் கோடுகள். அவற்றுக்கு ஆறுகள் என்று பெயர். துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போக வேண்டும். கோடு வரைந்துகொள்வது கிடையாது.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

அவர் மகளின் அறைப்பக்கம் கையைக் காட்டினார். சொல் தேடினார். "கல்யாணம்" என்றார். உடனே விரலை உதட்டில் வைத்தார். மகளிடம் சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன்.

வீட்டிற்கு வந்து என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணப் பெத்தவ வேற என்ன செய்வா? உனக்குந்தான் பெட்டியில நாலு பொடவ சேந்திருக்கு. நீ பாத்தியா? பாக்க விடுவேனா?" என்றாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு தேறிடும்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. இல்லாட்டி எவளாவது ஒக்காந்து கல்யாணத் துணி தைப்பாளா?" என்றாள்.

அது எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது. எங்கள் வீடுகளில் மகளின் கல்யாணத்துக்கு வேண்டியதைத் தாய் மறைத்து மறைத்துச் சேர்ப்பாள். மகள் தெரியாததுபோல் இருப்பாள். அதைத் தவிர வேறு வழக்கம் உலகில் இருக்கக்கூடும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் வெயில் மிகக் கடுமையாக இருந்தது. பர்மியர்களின் தண்ணீர்த் திருநாள் நெருங்கியதால் தெருவில் பிள்ளைகள் அப்போதே தகரக் குழாய்களோடு திரிந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி என் தோழி சொன்னாள்:

"அம்மா என் முகத்தப் பாக்கறதில்ல. கவனிச்சியா? கஞ்சி குடுக்கறப்பகூடக் கிண்ணத்தத்தான் பாக்கறா. நான் பொழைக்கமாட்டேன்னு நெனைக்கறா."

நான் ரகசியங்களைக் காப்பவள். வாக்களித்ததை மீறிய நினைவு எனக்கு அதற்கு முன் இல்லை. ஆனால் அவளுடைய கன்னத்து எலும்புகளைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அப்படி நெனைக்கல. உனக்குக் கல்யாணச் சட்டை தைக்கறாங்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு?"

"உங்கம்மாதான்."

"அம்மாவேவா? தோள்பட்டையும் அவளா?"

"எல்லாமே அவங்கதான். ஒரு கை முடிஞ்சிடுச்சு."

"என்ன நிறம்?"

நான் சொன்னேன். தோள்பட்டையில் சிவப்பு, ஓரங்களில் கறுப்பு, நெளிப் பட்டை தேன் நிறம், ஆறுகள் சிவப்பும் இடையிடையே மெல்லிய பொன்னிழையும். ஒரு கைக்கு ஐந்து ஆறுகள். என் வருணனை பிழையில்லாமல் இருந்ததில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி ஏற்பட்டதையும் மறைக்கக்கூடாது.

அவள் தன் இரவு உடையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். பிறகு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள்:

"எங்க ஊர்ப் பக்கத்துல பொண்ணு தன் கல்யாணச் சட்டையத் தானேதான் தைக்கணும். பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சிடுவோம். நானும் ஆரம்பிச்சேன். கப்பலேறினப்ப பாதியில அத்தை வீட்ல விட்டுட்டு வந்தேன். அம்மா தைச்சுத் தர்றது ஒருத்திக்கு மட்டுந்தான்."

"யாருக்கு?"

"கல்யாணம் ஆகாம சாகறவளுக்கு. மணப்பொண்ணு மாதிரி உடுத்தி அனுப்புவாங்க. அவளால தைக்க முடியாதுல்ல, அதான்."

எனக்கு எழுந்து போய்விடவேண்டும் என்று இருந்தது. அவள் தொடர்ந்தாள். மாப்பிள்ளைக்குப் பதில் மலையிலிருந்து ஒரு ஊசியிலை மரத்தை வெட்டிக் கொண்டுவந்து, பட்டு நாடா கட்டி, முன்னால் தூக்கிப் போவார்களாம். "ரங்கூன்ல என்ன மரம் கெடைக்கும்? உங்க ஜனங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லும் பழக்கம் என்னை அப்போதும் விடவில்லை. "எங்கள்ல சில பேர் வாழைமரத்துக்குக் கல்யாணம் செஞ்சுவப்பாங்க" என்றேன்.

"வாழையா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல மாப்பிள்ளை. வளத்தி. வழுக்கை விழாது."

என்னால் சிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திடுவா. இந்த ஊர்ல அவளுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன். முந்திய வாக்கை மீறிய கால் மணிக்குள் அடுத்ததைக் கொடுத்தேன்.

அதன்பின் ஏழெட்டு வாரங்கள் நான் இரண்டு அறைகளுக்கும் இடையே நடந்தேன். பின்கட்டில் தாய் அன்றன்று தைத்ததைக் காட்டுவார். முன்னறையில் மகள், "எவ்வளவு வந்திருக்கு?" என்பாள். அவளுக்கு அது விளையாட்டுப்போல ஆகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். அது விளையாட்டு அன்று. அவள் தன் சட்டையை என் சொற்களின் வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒருநாள், "ஆறுங்க நேராவா எறங்குது? அது தடிச்ச கைக்கு அழகு. எனக்குச் சாய்வா வரணும், தோள்லேர்ந்து முழங்கை வழியா உள்பக்கமா. எப்படியாவது சொல்லிப் பாரேன்" என்றாள்.

நான் அந்தத் தாயிடம் போய், கோடுகள் சாய்வாக இருந்தால் இன்னும் அழகாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். என் கருத்தாகவே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அவர் சட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். தன் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். மறுமுறை நான் போனபோது, முடிந்திருந்த கையின் ஐந்து ஆறுகளும் பிரிக்கப்பட்டு, துணியில் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. இரண்டு கைகளையும் புதிதாகத் தொடங்கினார். ஆயா தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா? கண்ணு அவிஞ்சுபோவுது அந்தம்மாவுக்கு."

இரண்டாவது கையின் கடைசி ஆறு முடிந்து நான்கு நாட்களில், மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்துக் காலையில், என் தோழி இறந்தாள். செய்தி சொல்ல ஆயா எங்கள் வீட்டுக்கு நனைந்துகொண்டு வந்தார்.

நான் போனபோது அவளை உடுத்தியிருந்தார்கள். தலையில் மணப்பெண்ணின் வெள்ளை வலைத்துணி, கைகள் மார்பில். சாய்ந்து இறங்கிய கோடுகள் முழங்கை வளைவில் ஒன்றோடொன்று நெருங்கி மணிக்கட்டில் சேர்ந்தன. அவள் சொன்னது சரியாக இருந்தது. மெலிந்த கைகள் அதில் மெலிந்தவையாகத் தோன்றவில்லை.

பிற்பகல் லாஞ்சில் அவளுடைய தந்தை வந்தார். தோளில் ஓர் இளஞ்சவுக்கு மரத்தை வேரருகே வெட்டிச் சுமந்து வந்தார். ஊசியிலைக்கு இந்த ஊரில் அதுதான் அருகில் வரக்கூடியது. மரம் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நானும் ஆயாவும் கிளைகளை மடித்துப் பிடித்து மேலே ஏற்றினோம். அந்தத் தாய் கிளைகளில் சிவப்பு நாடாக்களைக் கட்டத் தொடங்கியபோது ஆயாவுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "மாப்பிள்ள மரமா" என்று மட்டும் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அந்தத் தாயும் கட்டிலின் தலைமாட்டில் நின்று தன் மொழியில் இழுத்து இழுத்துப் பாடி அழுதார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நிறுத்தவில்லை. கீழே கடை வைத்திருந்தவர்கள் படியில் வந்து நின்று கேட்டார்கள். மரத்தை முன்னால் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனோம், வழியெல்லாம் மழை.

ஒன்பதாம் நாள் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் கொட்டைப் பருப்பும் சேர்த்துத் தட்டில் பரப்பி எல்லோருக்கும் கொடுத்தார்கள். அது இறந்தவர்களுக்கான உணவு. ஆயா ஒரு வாய் உண்டு, "உப்பு இல்லாத சோகம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டைக் காலி செய்தார்.

அவர்கள் ஆகஸ்டில் ஊர் திரும்புவது என்று முடிவாயிற்று. புறப்படும் நாளன்று காலையில் விடைபெறப் போனேன். சன்னல் திரைகளும் சுவர்த்துணிகளும் போய்விட்டதால் அறையில் பேச்சு எதிரொலித்தது. தெய்வப் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தாய் என்னைக் கண்டதும் உட்காரச் சொன்னார். இரண்டு மாதங்களில் அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் கூடியிருந்தது. அல்லது இதைக் கேட்பதற்காகவே சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

"உன்னிடம் அவள் எல்லாம் பேசுவாள். சட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியுமா?"

நான் வாக்களித்திருந்தேன். அதைவிட, மகள் அறியாமல் போனாள் என்பதே அவருக்குள்ள ஒரே ஆறுதல் என்று நம்பினேன்.

"தெரியாது. கடைசிவரை தெரியாது" என்றேன்.

அவர் கையிலிருந்த படத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். அவருடைய முகம் தளரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், அது இறுகிப்போயிற்று.

"அப்படியானால் நான் தப்பு செய்தேன்" என்றார். துண்டு துண்டாக அவர் சொன்னதன் பொருள் இது: அவர்கள் ஊரில் நோயுற்ற மகளிடம் தாய் போய்க் கேட்க வேண்டும். எந்தப் பூ வேண்டும், எந்த நிறம், கோடு எப்படி என்று அவள் வாயால் சொல்லக் கேட்டுத்தான் தைக்க வேண்டும். கை தாயுடையது என்றாலும் சட்டை மகளுடையதாக இருக்க வேண்டும். அவரால் கேட்க முடியவில்லை. தைரியம் வரவில்லை. ஒருவேளை அவளாகவே உணர்ந்திருப்பாளோ என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தார். "அவள் என் சட்டையில் போய்விட்டாள். அவளுடையதில் அல்ல."

"இல்லை மேடம். நான் சொன்னது பொய். அவளுக்குத் தெரியும். ஏப்ரலிலேயே தெரியும், நான்தான் சொன்னேன்" என்றேன். வரிசைப்படி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிறம் கேட்டதை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு முடிந்தது என்று விசாரித்ததை, மரத்தைப் பற்றிச் சிரித்ததை. "ஆறுகளைச் சாய்வாகப் போடச் சொன்னது அவள்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. என் கன்னத்தைத் தொட்டார்.

"அது நீ சொன்னது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்கு நல்ல கண்" என்றார். "தோள், நெளி, ஆறு, எல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ நல்ல பெண். எனக்காகச் சொல்கிறாய்."

கீழேயிருந்து ஆயா, வண்டி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். அவள் சொன்ன சொற்களையே, அவள் சொன்ன முறையிலேயே சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. நான் முடிக்கும்வரை என் கையைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு படத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் படிகள் வழுக்கும், பார்த்து இறங்கு என்றார்.